நாற்பதுக்கு முப்பத்தெட்டு

“இந்தக் காலத்துல மனுஷன் வாயைத் திறந்தா சந்தேகம், மெஷின் கண்ணைச் சிமிட்டினா கையெழுத்து! விளங்குமாய்யா?”

தேர்வு அதிகாரியின் மேசையை ஓங்கித் தட்டினார் பெரியவர். முப்பது வருஷம் லாரி ஓட்டிய கை. பேனாக்கள் துள்ளி விழுந்தன.

“அப்பா, மெதுவா...” என்றாள் மகள். சாஃப்ட்வேரில் தப்பு எங்கே இருக்கிறதென்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. ஆறு வருஷமாகச் செய்கிறாள். நேற்று நடந்த திறமைத் தேர்வில் தேறாதவர்களுக்கு அடுத்த மாதம் வேலை கிடையாது என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

“உங்க பொண்ணுக்கு நாப்பதுக்குப் பதினொண்ணு.” அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். “மெஷின் திருத்தினது பெரியவரே. தப்பே வராது.”

“தப்பே வராத மெஷின் இருந்தா இவளுக்கு எதுக்குய்யா வேலை?”

அதிகாரிக்குச் சுருக்கென்றது. “உங்க பொண்ணு பாதிக் கேள்விக்கு ‘விவரம் போதாது’ன்னு போட்டிருக்காங்க.”

“ஆமா சார். வாடிக்கையாளர் என்ன கேட்டார்னே கேள்வியில சொல்லலை. அது தெரியாம எப்படித் தப்புன்னு சொல்றது?”

“திறமை இருக்கிறவங்க தயங்க மாட்டாங்கம்மா! காலேஜ் முடிச்சுப் புதுசா சேர்ந்த பசங்க, அனுபவசாலிங்கன்னு இருநூறு பேர் எழுதினீங்க. ஒரே ஒருத்தர் முப்பத்தெட்டு! நாலே நிமிஷம். எல்லாத்துக்கும் சிவப்பு பட்டன். தவறு, தவறு, தவறுன்னு அடிச்சுத் தள்ளியிருக்கார். பிறவி மேதை! பேரைக்கூடப் பதியாமப் போயிட்டார், ஆளைத் தேடிட்டிருக்கோம். அவர்கிட்ட நீங்க பாடம் கத்துக்கணும்.”

“எவன்யா அந்த மேதை?”

“கடைசி வரிசை, ஃபேனுக்குக் கீழ, பதினாலாம் நம்பர் சீட்டு.”

பெரியவர் மகளைப் பார்த்தார். பிறகு அதிகாரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“இவளைக் கொண்டுவந்து விட்டுட்டு, கால் கடுக்குதேன்னு அந்த சீட்டுல உக்காந்தவன் நான்தான்யா! பொட்டியில என்னென்னமோ வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. தொலையட்டும்னு கைக்குக் கிடைச்ச சிவப்பையே அமுக்கிட்டிருந்தேன்.”

மறுபடி திருத்தச் சொல்கிறேன் என்று அதிகாரி பின்னாலேயே ஓடிவர, “அதையும் இதே மெஷின்தானே திருத்தும்?” என்றபடி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார் முதல் மதிப்பெண் வாங்கியவர்.