அறுபத்தெட்டு கிலோ

கால் வீங்கிக்கொண்டே போனது. எடை மட்டும் ஏறவில்லை.

மனுஷர் ரிட்டயர்டு எடை அளவு இன்ஸ்பெக்டர். மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தாலே வியாபாரிகள் தராசைச் சரிசெய்ய ஓடுவார்கள். இப்போது இதயம் கொஞ்சம் பலவீனம்.

டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "உப்பைக் குறைங்க. தண்ணி அளந்து குடிங்க. தினமும் காலையில எடை பார்த்து எழுதுங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்லை, உடம்புல தேங்கற தண்ணி. உடனே ஓடி வரணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

நோட்டில் பத்து நாளாக ஒரே எண். அறுபத்தெட்டு.

"செருப்பு நுழையலை. மூணு தலையணை வெச்சாத்தான் மூச்சு விடறீங்க. எப்படிங்க அதே அறுபத்தெட்டு?" என்றாள் மனைவி.

"செருப்பு சுருங்கியிருக்கும்."

"ரப்பர் செருப்பா?"

"நீதான் வெயில்ல போட்டே."

அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே கிடந்தது.

"கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

"எடை ஏறாம எதுக்குப் போகணும்? முப்பது வருஷம் தராசு பார்த்தவன்டி நான். நீ உப்பை அள்ளிக் கொட்டறதை முதல்ல நிறுத்து!"

பாவம், அவள் உப்பு டப்பாவையே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். வீக்கம் முழங்காலுக்குக் குடியேறியது.

அன்று மாலை, தன் பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க வெங்காய மண்டிக்காரர் வந்தார். உட்காரக்கூட விடவில்லை அவள். கட்டிலுக்கடியிலிருந்து எடை மெஷினை இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, இதுல ஏறுங்க."

"அழைக்க வந்தவரை நிறுத்துப் பார்க்கறதா? என்னடி மரியாதை இது?" இன்ஸ்பெக்டர் பதறினார்.

மண்டிக்காரர் ஏறினார். குனிந்து பார்த்தார். தொப்பையைத் தடவிக்கொண்டார்.

"தங்கச்சி, காலையில மண்டித் தராசுல எண்பத்தொண்ணு. உங்க வாசப்படி தாண்டறதுக்குள்ள அஞ்சு கிலோ எங்கே போச்சு?"

இறங்கினார். மெஷினைக் கவிழ்த்தார். ஒரே பார்வை.

"அடடே! முள்ளைச் சரிபண்ற திருகைப் பின்னால திருப்பியிருக்காங்க. கீறலைப் பார்த்தா, தினம் கொஞ்சம் கொஞ்சமா. கைதேர்ந்த ஆளு!"

இன்ஸ்பெக்டர் மின்விசிறியை ஆராய்ந்தார்.

"ஏங்க... நீங்களா?"

"போனா படுக்கவெச்சு ஊசி குத்துவான்டி!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்; அழுதுகொண்டே வண்டி பிடித்தாள். மண்டிக்காரர் மூட்டை தூக்குவதுபோல ஆளைத் தூக்கி உள்ளே போட்டார்.

ஆஸ்பத்திரியில் நாலே நாள். ஊசியில் ஐந்து கிலோ தண்ணீர் இறங்கியது. கால் செருப்புக்குள் ஜம்மென்று போனது.

அவர் வீட்டுக்கு வந்ததும் மெஷின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, இனி யாரும் தொடாதபடி திருகின்மேல் அரக்கு வைத்துச் சீல் போட்டவர், தராசைத் திருகியதற்காக இதே இன்ஸ்பெக்டர் மூன்று முறை கடையைப் பூட்டிய அந்த வெங்காய மண்டிக்காரர்.