உப்புப் பார்க்காத சூப்

புதுப் பானைக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தார் ரோம் மாமி. கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு பானையில் இன்னும் உரியாமல் கிடந்தது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடியை விரலால் தடவி, அந்த விரலையும் மணந்தார்.

நாகபூசணி கையைக் கட்டிக்கொண்டு அடுப்படி மூலையில் நின்றாள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, இத்தாலியில் பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியிலுள்ள இந்த வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். இப்படியொரு சோதனையை அவள் இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச்சாவடியில்கூடக் கண்டதில்லை.

வீட்டுக்காரி அகஸ்ரீனா கத்தோலிக்கப் பெண். புருசன் யோசேப் யூதன். கலியாணம் முடிந்த நாளிலிருந்து யோசேப்பின் தாய் ரோமிலிருந்து வருவார், போவார். மருமகள் சமைத்ததில் ஒரு வாய் தொட்டதில்லை. மேசையில் எல்லாரும் சாப்பிடும்போது கைப்பையைத் திறந்து, கொண்டுவந்த அவித்த முட்டையை எடுத்து, ஆறுதலாகத் தோலுரித்துச் சாப்பிடுவார். யாரையும் ஒரு சொல் குறை சொல்லமாட்டார். அதுதான் இன்னும் மோசம்.

இந்த முறை யூதரின் பாஸ்கா விருந்தைத் தன் வீட்டிலேயே வைக்கிறேன் என்று அகஸ்ரீனா வாயை விட்டுவிட்டாள். மறுபடியும் முட்டைதான் என்றால், அடுத்த வருடத்திலிருந்து பாஸ்காவுக்கு யோசேப் தனியே ரோமுக்குப் போவதென்று புருசனும் பெண்சாதியும் பேசி முடித்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது அகஸ்ரீனா அழுதாள். கேட்டுக்கொண்டு நின்ற நாகபூசணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதனால்தான் பானை, கரண்டி, கோப்பை எல்லாம் புதிது. பண்டிகைக்குப் புளித்த மா ஆகாதென்று வீட்டில் ஒரு துண்டுப் பாண் மிச்சம் வைக்கவில்லை. கோழியை மட்டும் மாமியே கொண்டுவந்தார், தங்கள் முறைப்படி அறுத்ததென்று ஐஸ் பெட்டியில் வைத்து.

"என்னத்துக்கு அடிக்கடி யன்னலைப் பாக்கிறீர்?" என்று மாமி கேட்டார்.

பக்கத்துத் தேவாலயத்தில் மத்தியான மணி அடித்ததும் அடுப்பை மூட்டுவது தன் வழக்கம் என்றாள் நாகபூசணி.

"இண்டைக்கும் நாளைக்கும் மணி அடிக்காது. மணிக்கூட்டைப் பாரும்."

சொல்லிவிட்டு மாமி மகனையும் இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். நாகபூசணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கோழியைப் பானையில் போட்டு, கரட்டும் செலரியும் வெட்டிப் போட்டு, வழக்கம்போலக் கைப்பதத்துக்கு உப்பும் அள்ளிப் போட்டாள்.

சூப் கொதித்து மணக்கும்போது அகஸ்ரீனா ஓடி வந்தாள். "உப்புப் பாத்தனீங்களோ, நாகா?"

வெள்ளிக்கிழமையில் தான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைப்பதில்லை என்றாள் நாகபூசணி. சமைப்பாள், பரிமாறுவாள், பானையும் கழுவுவாள். நாக்கில் மட்டும் படக்கூடாது.

அப்படியென்றால் நானே பார்க்கிறேன் என்று அகஸ்ரீனா கரண்டியை உதடுவரை கொண்டுபோனாள். கொண்டுபோனவள் அப்படியே திரும்ப வைத்தாள். அன்றைக்குப் பெரிய வெள்ளி. ஊர்த் தேவாலய மணிகளே வாயைக் கட்டிக்கொண்டிருக்கும் நாளில் அவள் எப்படி இறைச்சிச் சாற்றை நக்குவாள்?

இரண்டு பேரும் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசேப்பைக் கேட்கலாமென்றால் அவன் கடற்கரையில். உப்புக் குறைந்த சூப் படுக்கையில் கிடக்கும் வருத்தக்காரருக்குக் கொடுப்பது, மாமி என்ன நினைப்பாரோ என்று அகஸ்ரீனா கையைப் பிசைந்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று மேலும் இரண்டு கரண்டி உப்புப் போட்டார்கள்.

பொழுதுபட விருந்து தொடங்கியது. யோசேப் புத்தகத்தைப் பார்த்து எபிரேயத்தில் செபம் வாசித்தான். அகஸ்ரீனாவுக்கு மீன், மற்ற இருவருக்கும் சூப். பரிமாறிவிட்டு நாகபூசணி அடுப்படிக் கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

முதல் கரண்டி யோசேப்பின் வாய்க்குள் போனது. அவனுக்குக் கண் பிதுங்கியது. தண்ணீருக்குக் கை நீட்டியவன் தாயின் முகத்தைப் பார்த்தான். என்ன கண்டானோ, கையை எடுத்துவிட்டு அடுத்த கரண்டியையும் விழுங்கினான்.

நாகபூசணிக்கு விளங்கிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

மாமியும் ஒரு கரண்டி குடித்தார். கைப்பையைத் திறந்தார். நாகபூசணி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது மாமி கைலேஞ்சியால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை காலியானது. இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி மருமகளிடம் நீட்டினார். அகஸ்ரீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

விருந்து முடிந்ததும் மாமி அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்து கிளாஸ் கிளாசாகத் தண்ணீர் குடித்தார்.

"எங்கடை கோழி, உப்புத் தடவி இரத்தம் வடிச்ச கோழி. அதுக்கு மேலை உப்புப் போடுறேல்லை. தெரியாதோ?"

சத்தியமாகத் தெரியாது என்றாள் நாகபூசணி. தன் வெள்ளிக்கிழமையையும் அகஸ்ரீனாவின் பெரிய வெள்ளியையும் சொன்னாள். பிழை தன்னுடையது, சின்யோரா அகஸ்ரீனா பாவம், அவள் இந்த நாளுக்காக எத்தனை பாடுபட்டாள் என்றும் சொன்னாள்.

மாமி கிளாசைக் கழுவிக் கவிழ்த்தார். "நான் கலியாணம் கட்டி முதல் முதல் வைச்ச சூப்பை என்ரை மாமியும் இப்பிடித்தான் கோப்பை முழுக்கக் குடிச்சவ. அவவின்ரை மகனுக்கே அதைச் சொல்லேல்லை."

நாகபூசணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீங்களும் உப்புப் பாக்கேல்லையோ, சின்யோரா?"

"எப்பிடிப் பாக்கிறது? அண்டைக்கு எனக்கும் பெரிய வெள்ளி."