டயர் தேய்மானம்

மாப்பிள்ளை இன்னொரு டிரைவரின் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தார் சூப்பர்வைசர். பிறகு சட்டென்று குனிந்து, லாரியின் பின் டயர்கள் ஒவ்வொன்றிலும் உட்பக்கமாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றி மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல் நடையைக் கட்டினார்.

மாப்பிள்ளை என்றால் கூடப்பிறந்த தங்கச்சியின் புருஷன். சூப்பர்வைசரே சிபாரிசு செய்து கம்பெனியில் சேர்த்துவிட்ட ஆள்.

கம்பெனியில் ஓடுவதெல்லாம் மின்சார லாரிகள். மற்ற வண்டிகளின் டயர் ஒழுங்காக உழைக்க, மாப்பிள்ளை வண்டியின் பின் டயர்கள் மட்டும் பாதி ஆயுசிலேயே மொட்டையாகிவிடுகின்றன. முதலாளி கூப்பிட்டுச் சிரித்தபடிதான் கேட்டார்.

"டயர் தேயுதா, இல்ல வெளியில கை மாறுதா? உங்க மாப்பிள்ளையாச்சேன்னுதான் உங்களையே கேக்கறேன்."

அந்தச் சிரிப்பு சூப்பர்வைசருக்கு முள்ளாகக் குத்தியது. அதனால்தான் இந்தச் சிவப்புப் புள்ளி.

சில நாள் கழித்துப் பார்த்தபோது புள்ளிகள் அப்படியே இருந்தன. டயர் மாறவில்லை. ஆனால் நன்றாகவே தேய்ந்திருந்தது. காற்றைச் சோதித்தார், சரியாக இருந்தது. சக்கரங்கள் கோணவில்லை, பாரமும் அளவோடுதான் ஏற்றியிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஓட்டுகிறவரின் கால் ஒன்றுதான்.

இந்த லாரிகள் வந்த புதிதில் அவரே டிரைவர்களை உட்கார வைத்துச் சொன்னதுதான். பேட்டரியின் கனமே பெரிய கனம். மிதித்த நொடியே மொத்த இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடும். டீசல் லாரி என்று நினைத்து ஓங்கி மிதித்தால், தேங்காய் துருவுவது போல ரோடு டயரைத் துருவிவிடும். காலை வெடுக்கென்று எடுத்தால் மோட்டாரே பிரேக் பிடிக்கும், அதுவும் டயரின் தலையில்தான் விடியும்.

ஆனால் மாப்பிள்ளையின் கால் பஞ்சு மாதிரி. டீசல் லாரி காலத்திலேயே அவர் வண்டியில் டம்ளர் தண்ணீர் தளும்பாது. அப்படியென்றால் வேறு யாரோ ஓட்டுகிறார்கள். வண்டியை வெளியில் எவனுக்கோ வாடகைக்கு விடுகிறாரோ?

நாளைக்கு உங்களோடு நானும் வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தார். மறுநாள் மாப்பிள்ளை வயிற்றுவலி என்று லீவு போட்டார்.

சூப்பர்வைசர் விடவில்லை. நலம் விசாரிக்கிற சாக்கில் தங்கச்சி வீட்டுக்கே போனார். பட்டப்பகலில் கூடம், சமையலறை, குளியலறை என்று வீடு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு விளக்கு வீணாக எரிந்தால்கூடச் சண்டைக்கு வருகிறவள் தங்கச்சி. கரண்ட் பில்லுக்குப் பயப்படாத அளவுக்குக் காசு புழங்குகிறது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை கட்டிலில் இருந்தார். இவர் எப்படி இருக்கீங்க என்று குரல் கொடுத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்து, வாங்க மச்சான் என்றார். தங்கச்சி அண்ணன் முகத்தையே பார்க்கவில்லை. பாவம், இவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளை தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து வண்டியை எடுத்துவிடுவார். ஒரு காலத்தில் சூப்பர்வைசர் அதைப் பாராட்டியதுண்டு. அடுத்த நாள் அதற்கும் முன்னால் வந்து, கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளோடு மறைவாக நின்றார்.

லாரி ஆமை மாதிரி ஊர்ந்து வெளியே வந்தது. முதல் வளைவிலேயே நின்றது. சுவரோரம் காத்திருந்த ஒரு உருவம் தாவி ஏறியது. தலையில் தொப்பி, முதுகில் நீளப் பின்னல்.

மாப்பிள்ளை நகர்ந்து இடம் கொடுக்க, அந்தப் பெண் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

இது டயர் சமாச்சாரம் இல்லை, தங்கச்சியின் வாழ்க்கை.

லாரி சாட்டையடி பட்ட மாடு போலத் துள்ளிப் பாய்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அதே பாய்ச்சல், அதே முரட்டு நிறுத்தம். ரோட்டில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. பல்லைக் கடித்தபடி பின்னாலேயே போனார். கிடங்கு வாசலில் வண்டி நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி, ஒரு வார்த்தை பேசாமல் டிரைவர் பக்கக் கதவைப் பிடித்து இழுத்தார்.

தொப்பிக்குக் கீழே தங்கச்சியின் முகம்.

தங்கச்சி பையைத் துழாவி, புத்தம்புது லைசென்ஸை எடுத்து நீட்டினாள். கனரக வாகனம் ஓட்டும் லைசென்ஸ். அதில் அவள் படம்.

சூப்பர்வைசருக்கு ரத்தம் தலைக்கேறியது. பெண்டாட்டியை லாரி ஓட்டவிட்டு, இவர் பக்கத்தில் சொகுசாகச் சாய்ந்து வருகிறாரா? அந்தப் பக்கம் மாப்பிள்ளை இறங்கும் சத்தம் கேட்டது. நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினார்.

மாப்பிள்ளை ஒரு கையை லாரியின் மேல் தடவியபடியே முன்பக்கமாகச் சுற்றி வந்தார். பளீரென்ற வெயிலில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், மச்சானுக்கு நேர் எதிரே வந்து நின்றார். முகத்தைச் சற்றே சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"சார்... நீங்க யாருங்க?"