பித்தளைப் பலகை

“அந்தப் பலகையைக் கழற்றிடாதீங்க சார். கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

தையற்காரம்மா இப்படிச் சொன்னதும் கலைத்துறை அதிகாரி விழித்தார். நல்ல சேதி கொண்டுவந்திருப்பதாக அல்லவா மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்!

“என்னம்மா நீங்க? பக்கத்து வீட்டுச் சுவர்ல ‘ஓவியர் வாழ்ந்த வீடு’ன்னு பலகை இருக்கு. ஆனா அந்தப் பெரிய ஓவியர் குடியிருந்தது அது இல்ல, உங்க வீடு. இதைப் பாருங்க.”

கையிலிருந்த படத்தை நீட்டினார். ஓவியர் தன் மகளை மாடிப்படியில் உட்காரவைத்து வரைந்த, எல்லோரும் கொண்டாடுகிற படத்தின் நகல் அது. இரண்டு வீடுகளும் ஒட்டிப் பிறந்தவை. ஒரே அளவு, ஒரே ஜன்னல். ஆனால் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாற்றிக் கட்டியிருந்தார்கள். படத்தில் மாடிப்படி வலப்பக்கம் இருந்தது. பக்கத்து வீட்டில் அது இடப்பக்கம். தையற்காரம்மா வீட்டில்தான், தைத்த துணிகளை அடுக்கி ஆள் ஏற வழியில்லாமல் வைத்திருந்த அந்தப் படி, வலப்பக்கம்.

“பலகை மாட்டினவங்க வீடு மாத்தி மாட்டிட்டாங்க. இனிமே எல்லாரும் உங்க வீட்டைத்தான் தேடி வருவாங்க.”

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“தினமும் துணி அடுக்குற படி, படத்துல பார்த்தா அடையாளம் தெரியாதா?”

“அப்புறம் ஏன் வாயே திறக்கல?”

தையற்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பக்கத்து வீட்டு அக்காவுக்காகத்தான். வீட்டுக்காரர் செத்துப்போனதுல இருந்து அவங்க நடைப்பிணமா இருந்தாங்க சார். கதவைத் திறக்க மாட்டாங்க, விளக்கைப் போட மாட்டாங்க, தலைகூட வார மாட்டாங்க. இந்தப் பலகை வந்தப்புறம்தான் உசுரே வந்துச்சு. காலையில எழுந்து நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. பார்க்க வர்றவங்ககிட்ட ‘இங்கதான் உட்கார்ந்து வரைஞ்சார்’னு என்னமோ ஓவியர் இவங்க சித்தப்பா மாதிரி பேசுறாங்க! அந்தச் சிரிப்பைப் பார்க்கணுமே சார். அதைப் பிடுங்கி என் வாசல்ல மாட்டச் சொல்றீங்களா?”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரிக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. கல் நெஞ்சக்காரர் இல்லை, ஆனால் சட்டம் தெரிந்தவர்.

“எனக்குப் புரியுதும்மா. ஆனா அவங்க வீட்டுச் சுவர்ல தப்பான பலகை இருக்கு. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நான் போக முடியாது.”

சொன்னவர் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார். தையற்காரம்மா பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஆனால் அக்காவின் முகம் வாடுவதைப் பார்க்கும் தைரியம் இல்லை. வாசல் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே அதிகாரி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தார். தையற்காரம்மா கதவோடு காதை ஒட்டிவைத்தாள். அக்காவின் குரல் கேட்டது.

“மெதுவாப் பேசுங்க தம்பி, அவ காதுல விழுந்துடப் போகுது. எனக்கு முதல் நாளே தெரியும்.”

“நீங்களுமா? அப்போ ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? என் வீட்டுக்காரர் போனப்புறம் அந்தப் பொண்ணுக்கு வேலையே ஓடல. தையலைப் போட்டது போட்டபடி, ‘சாப்பிட்டீங்களா அக்கா, தூங்கினீங்களா அக்கா’ன்னு நொடிக்கொரு தரம் ஓடி வரும். துணி கொடுத்தவங்க எல்லாம் வாசல்ல வந்து சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க. பலகை வந்தப்புறம்தான், நான் சந்தோஷமா இருக்கேன்னு நம்பி, நிம்மதியா உட்கார்ந்து தைக்குது. அதைக் கெடுத்துடாதீங்க தம்பி. எனக்குக் கூட்டம்னாலே ஆகாது. ரயில் நிலையத்துல டிக்கெட் கொடுத்துக் கொடுத்து மனுஷ முகம் பார்த்தே அலுத்துப்போனவ நான். அவ பார்க்கணும்னுதான் தினம் இந்த வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கேன்.”