குழுவை விட்டுப் போனவள்

யார் விலகினாலும் குழு தளர்ந்துவிடக் கூடாது என்று, விலகியவரின் நினைவை மற்றவர்கள் மனதிலிருந்து அழித்துவிடுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். குழுத்தலைவி சுகந்தியும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது, மூன்று வயதுக் குழந்தை ஒன்று "பெரியம்மா!" என்று ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. யார் வீட்டுக் குழந்தை என்று சுகந்திக்குத் தெரியவில்லை. பின்னாலேயே மூச்சுவாங்க வந்த பெண் தயங்கி நின்றாள்.

"அக்கா, நான் ரெஜினா. போன மாசம்தான் உங்க டீமை விட்டு வந்தேன்."

சுகந்திக்கு விஷயம் புரிந்தது. முகம்தான் நினைவுக்கு வரவில்லை.

"நாம ரொம்ப நெருக்கமாம்மா?"

ரெஜினா கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்படியெல்லாம் இல்லக்கா. சும்மா ஆபீஸ் பழக்கந்தான்."

சொல்லிக்கொண்டே, விடமாட்டேன் என்று அழுத குழந்தையின் விரல்களைச் சுகந்தியின் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.