நாற்பத்து மூன்றாவது பேர்

மருதையைப் போல மெதுவாக விடுமுறை கழித்தவர் உலகத்திலேயே கிடையாது. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து விடுதியில் அவர் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் எதிர்மலையில் கிள்ளிய கொழுந்து மறுபடி துளிர்த்துவிடும். இதே தோட்டத்து மண்சரிவில் மனைவி பொன்னழகைப் பறிகொடுத்துக் கொழும்புக்குப் போனவர், ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் வந்திருந்தார். அவள் உடல் கிடைக்கவே இல்லை.

இரண்டாம் நாள் காலை, கொழுந்து பறிக்கும் பெண்களைப் பேர் கூப்பிடும் பெரட்டை வேடிக்கை பார்க்கப் போனார். நின்றவர்கள் நாற்பத்திரண்டு பேர். கங்காணி செல்லமுத்து கூப்பிட்டது நாற்பத்து மூன்று பேரை. கடைசிப் பேர் பொன்னழகு.

"இருக்கேங்க" என்றது அவள் குரல்.

மருதைக்குக் கால் பூமியில் இல்லை.

"பேர வெட்ட மனசு வரலண்ணே," என்றார் கங்காணி. "ஒரு நாளைக்கு ஒரு தடவ கூப்பிடுவேன். ஒரு தடவ பதில் வரும். அவ்வளவுதான்."

ஏழு நாள் விடுமுறை இருபது நாளாக நீண்டது. காலையில் கேட்ட அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பகல் முழுவதையும் ராஜாவைப் போல ஓட்டினார் மருதை. இருபத்தோராம் நாள் அது போதவில்லை.

"இன்னொரு தடவ கூப்பிடுப்பா."

"வேணாம்ணே. கெடைக்கிறத வச்சுக்கங்க."

"ஒன் வீட்டுச் சொத்தா கேக்கறேன்? எம் பொண்டாட்டிய கூப்பிடச் சொல்றேன்!"

கங்காணி கூப்பிட்டார். பதில் இல்லை.

மறுநாள் முதல் தடவைக்கே பதில் இல்லை. கங்காணி புத்தகத்தை மூடினார். நாற்பத்திரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பி மருதையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.