குறட்டை அறை

வேறு கல்லூரியிலிருந்து மாற்றலாகி வந்தவளுக்கு விடுதியில் இரண்டே இடங்கள்தான் காலி. மாலைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுற்றிக்காட்ட வந்த சீனியர், தன் கைப்பையிலிருந்த சாவியால் பதினேழாம் அறையைத் திறந்தாள்.

“இது வேணாம்மா. மழை வந்தா ஒழுகும். இங்க இருக்கறவ விடற குறட்டையில ரெண்டு பேர் ராவோட ராவா ஓடிட்டாங்க.”

“அய்யய்யோ!” என்றபடி புதியவள் ஜன்னலைத் திறந்தாள். சிலுசிலுவென்று காற்று வந்தது. கூரையில் ஒரு கறைகூட இல்லை.

“இதையே எடுத்துக்கறேன்க்கா.”

“ஏய், சொன்னது காதுல விழலையா?”

“விழுந்துச்சுக்கா. பழைய காலேஜ்ல ரெண்டு வருஷம் ரூமை நான் ஒருத்தியா ஆண்டேன். பார்க்க வர்றவங்ககிட்ட நானும் இதே குறட்டைக் கதையைத்தான் அவிழ்த்து விடுவேன்.”

பெட்டியை இறக்கி வைத்தாள்.

“என் கட்டில்ல கிடக்கற உங்க துணிய மட்டும் எடுத்துக்கோங்கக்கா.”